பொறுப்புத் துணைவேந்தரின் அங்கி

1951 ஆகஸ்டு 9, வியாழக்கிழமை, காலை மணி 6.10
குறிப்பு 1: புதிய நோட்டு, பழைய ஆசை

ராயபுரம். மழை இல்லை. துறைமுகத்துக் கரித்தூள் மட்டும் வழக்கம் தவறாமல் வந்து சன்னல் விளிம்பில் படிந்திருக்கிறது.

எதையும் எண்ணிட்டு எழுதாவிட்டால் எனக்கு உண்டது செரிக்காது. ஆகவே என் நிலைமையை முதலில் முறைப்படி பதிவு செய்துகொள்கிறேன். பெயர் சூ. அருளப்பன். வயது அறுபத்து மூன்று நிறைந்தது. இங்கிலாந்தில் கல்வி ஆராய்ச்சிக்காகப் பெற்ற டாக்டர் பட்டம் உண்டு. அதைத் தெருவில் எவரும் பொருட்படுத்துவதில்லை. தற்சமயம் சிறு பள்ளிகள் சீரமைப்புக் குழுவின் தலைவர். முன்னாள் துணைவேந்தர். இல்லை, நாட்குறிப்பிலாவது உண்மை வேண்டும்: முன்னாள் பொறுப்புத் துணைவேந்தர். 1946 மே மாதத்தில் அசல் துணைவேந்தர் உதகமண்டலம் போயிருந்தபோது நான் அந்த நாற்காலியில் அமர்ந்தேன். பல்கலைக்கழகத்தில் அப்போது மாணவரும் இல்லை, ஆசிரியரும் இல்லை. காவற்காரர் காலையில் சலாம் வைப்பார். அது எனக்கா, எனக்குப் பின்னால் நின்று சுவருக்கு வெள்ளையடித்த மேஸ்திரிக்கா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

அந்த மாதத்தின் நினைவாக ஒரு பொருள் என்னிடம் தங்கிவிட்டது. துணைவேந்தருக்குரிய அங்கி. கறுப்புப் பட்டு, சரிகை ஓரம், தோளில் பொற்கயிறு. வெளிநாட்டு அறிஞர் ஒருவர் வருவதாகத் தந்தி வந்தது; அளவு பார்ப்பதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அறிஞர் வரவில்லை. அங்கி திரும்பிப் போகவில்லை. பதிவாளர் ஆண்டுதோறும் நினைவூட்டல் அனுப்புகிறார். நான் ஆண்டுதோறும் அதைக் கோப்பில் சேர்க்கிறேன்.

நேற்று அதை வெயிலில் போடச் சொன்னேன். காரணம், எங்கள் குழுவின் செயலாளர் ராமசுப்பு கொண்டுவந்த செய்தி. தென் மாவட்டங்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வரப்போகிறதாம். துணைவேந்தர் பதவிக்குக் கோட்டையில் மூன்று பெயர்கள் இருக்கின்றனவாம். ஒன்று என்னுடையது.

"நம்ம ரிப்போர்ட்டைப் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுவாங்க சார். அக்டோபர் பதினஞ்சுக்குள்ள போயிடணும். சுத்தமா, வம்பு தும்பு இல்லாம" என்றார்.

கொடியில் அங்கி காய்ந்துகொண்டிருந்தபோது மீன்காரி கோவிந்தம்மா கூடையுடன் வந்தாள்.

"இன்னா வாத்யாரே, கறுப்புக் கொடி ஏத்திகினு கீறே? ஆர எதுத்து?"

நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நாளும் பாடம் நடத்தியவன் அல்லன் என்பதையும், அது கொடி அல்ல என்பதையும் விளக்கினேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு துணியைத் தொட்டுப் பார்த்தாள். "நல்ல கெட்டிப் பட்டு" என்று சொல்லிவிட்டு, என் மனைவியிடம் வஞ்சிரத்தின் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டாள்.

1951 ஆகஸ்டு 13, திங்கட்கிழமை, மாலை மணி 5.30
குறிப்பு 2: ஒரு விகிதத்தின் புகழ்

குழு கூடியது. 'அருளப்பன் விகிதம்' ஒருமனதாக அளவுகோலாக ஏற்கப்பட்டது. தலைவர் என்ற முறையில் நான் அடக்கத்துடன் குனிந்துகொண்டேன். மேசைக்கடியில் என் கால்கள் என்ன செய்தன என்பதை எழுத மாட்டேன்.

1932இல் நான் கண்ட விகிதம் மிக எளிது. முன்னறிவிப்பின்றி ஒரு பள்ளிக்குச் சென்று, வந்திருக்கும் பிள்ளைகளை எண்ணி, பெயர்ப் பட்டியலில் உள்ள தொகையால் வகுக்க வேண்டும். விடை பாதிக்குக் குறைந்தால் அவ்வூர்ப் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று பொருள். மானியத்தை நிறுத்திவிடலாம். இதற்கு எனக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன. என் மனைவி சிலுவையம்மாள், அப்போதே இதைக் கேட்டுவிட்டு, "தலை எண்றதுக்கு நாலு வருஷமா?" என்றாள். அன்றிலிருந்து அவளிடம் ஆராய்ச்சி பேசுவதில்லை.

குழு எண்ணவிருக்கும் பள்ளிகளின் பட்டியலில் எங்கள் தெருவுக்குப் பின்னாலுள்ள குப்பத்துப் பெண்கள் பள்ளியும் இருக்கிறது. மாடியில் நின்றால் அதன் தகரக் கூரை தெரியும். ஐம்பத்திரண்டு சிறுமிகள், எல்லோரும் மீனவர் வீட்டுப் பெண்கள். அது மூடப்பட்டால் அடுத்த பள்ளி ரயில் பாதைக்கு மேற்கே. எட்டு வயதுப் பெண்ணை அந்தத் தண்டவாளங்களைத் தாண்டிப் போக எந்தத் தாயும் விடமாட்டாள். அங்கே எண்ணிக்கை நாள் செப்டம்பர் 12. அதை அறிந்தவர்கள் ராமசுப்புவும் நானும் மட்டுமே.

1951 செப்டம்பர் 11, செவ்வாய்க்கிழமை, பகல் மணி 2.00
குறிப்பு 3: தலைவர் பள்ளிக்குச் சென்றது

நாளைய திடீர் எண்ணிக்கை எனக்கு மட்டும் திடீரென்று வரவில்லை. சொந்தத் தெருவுக்குப் பின்னாலிருக்கும் பள்ளியே அலங்கோலமாகக் கிடந்தால் குழுவின் உறுப்பினர்கள் என்னைப் பார்த்து இருமுவார்கள். ஆகவே, சற்று ஒழுங்குபடுத்தலாம் என்று காலையில் போனேன்.

பள்ளி நிறையச் சிறுமிகள் இருந்தார்கள். சிறுமிகள் மட்டுமா? தரையெங்கும் கைக்குழந்தைகள். ஒன்று சுண்ணக்கட்டியைத் தின்றுகொண்டிருந்தது. ஒன்று என் கைத்தடியைப் பிடித்து எழுந்து நின்றது. கோவிந்தம்மாவின் மகள் கன்னியம்மா, நான்காம் வகுப்பு, இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு வாய்பாடு ஒப்பித்தாள். ஒவ்வொரு விடைக்கும் அவனை ஒரு குலுக்குக் குலுக்கினாள். தம்பியின் பெயர் திருமலை. பத்து மாதம். ஏழாம் வாய்பாட்டின் நடுவில் அவன் என் வலது காலணியை நனைத்தான்.

நான் சட்டைப் பையிலிருந்து 'பள்ளி ஆய்வாளர் கையேடு' மூன்றாம் பதிப்பை எடுத்தேன். எழுதியவன் நான்தான். விதி 17: பதிவில் இல்லாத எவரும் வகுப்பறைக்குள் இருத்தல் ஆகாது. உரக்கப் படித்தேன்.

தலைமையாசிரியை குணசுந்தரி மெல்லச் சொன்னார்: "ஐயா, அம்மாமாருங்க விடியறதுக்குள்ள கூடையத் தூக்கிட்டு வண்ணாரப்பேட்டைக்குப் போயிடறாங்க. குழந்தைய இவங்ககிட்டத்தான் விட்டுட்டுப் போறாங்க. குழந்தை வராட்டி அக்காவும் வராதுங்கய்யா."

"ஒழுங்கு முதலில், வருகை தானே தொடரும்" என்றேன். என் நூலின் நாற்பத்தொன்றாம் பக்கம். அவர் தலை குனிந்தார். மேற்கோளின் அழகில் மயங்கிவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன்.

1951 செப்டம்பர் 12, புதன்கிழமை, மாலை மணி 4.45
குறிப்பு 4: விடை

ஐம்பத்திரண்டுக்கு ஒன்பது. வீட்டில் கைக்குழந்தை இல்லாதவர்கள்.

வகுப்பறை மிகச் சுத்தமாக இருந்ததாக ராமசுப்பு பாராட்டினார்.

1951 செப்டம்பர் 14, வெள்ளிக்கிழமை, பகல் மணி 1.15
குறிப்பு 5: மீன் இல்லை

வெள்ளிக்கிழமை கிறிஸ்தவ வீட்டில் இறைச்சி இல்லை, மீன்தான். கோவிந்தம்மா எங்கள் வாசலை நிமிர்ந்தும் பாராமல் கடந்து போனாள். கூடை ஈரமாக இருந்தது. நான் படியிறங்கிக் கூப்பிட்டேன்.

"மீன் இல்லையா, கோவிந்தம்மா?"

"கீது. ஒனக்கு இல்ல."

"ஏன்?"

"நீதானே புள்ளைய இட்டாராதேன்னே? கன்னியம்மா தம்பிய வச்சிகினு வூட்ல குந்திகினு கீது. அது இஸ்கூலு போவலன்னா நான் இன்னாத்துக்கு இந்தக் கூடைய சொமந்துகினு தெருத் தெருவா சுத்தறேன்? நீயே சொல்லு வாத்யாரே."

பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று நேற்று முன்தினம்தான் கையொப்பம் இட்டிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

"கத்திரிக்கா துன்னு" என்று போய்விட்டாள். பின்னால் வந்த மூன்று பெண்களும் அதே போலக் கடந்தார்கள்.

சிலுவையம்மாள் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். "குழம்பு கொதிக்குது. உங்க விகிதத்தையே துண்டு போட்டுப் போடட்டுமா?"

1951 செப்டம்பர் 15, சனிக்கிழமை, பகல் மணி 1.15
குறிப்பு 6

கத்தரிக்காய்.

1951 செப்டம்பர் 17, திங்கட்கிழமை, காலை மணி 5.50
குறிப்பு 7: தெளிவு

தூக்கம் கெட்டது. நான் என்ன செய்துவிட்டேன்? விதியைத்தானே சொன்னேன். யாரும் செய்யாததையா செஞ்சுட்டேன்? ஆமாம், யாரும் செய்யாததைத்தான். விதியை எழுதியவனும் நானே, விகிதத்தைக் கண்டவனும் நானே. ஒரு கையால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, மறு கையால் பிள்ளைகள் இல்லை என்று எண்ணிக் காட்ட, இந்த மாகாணத்தில் என் ஒருவனுக்குத்தான் தகுதி உண்டு. இதற்கும் ஒரு டாக்டர் பட்டம் கொடுக்கலாம்.

மூடினா மூடட்டுமே — எத்தனையோ பள்ளி.

இல்லை. மாடிக்குப் போனால் தகரக் கூரை தெரிகிறது. மாடிக்குப் போகாமல் இருந்து பார்த்தேன். அங்கேதான் என் புத்தகங்கள் இருக்கின்றன.

1951 செப்டம்பர் 24, திங்கட்கிழமை, முற்பகல் மணி 11.00
குறிப்பு 8: கடற்கரையில் பேச்சுவார்த்தை

காலணியும் குடையுமாகக் கடற்கரை மணலில் நடப்பது என் வயதில் செய்யக்கூடிய காரியம் அல்ல. கட்டுமரங்கள் கரையேறி, ஏலம் நடந்துகொண்டிருந்தது. நான் "கோவிந்தம்மா" என்று அழைத்ததும் ஏலம் நின்றது.

"வாத்யாரு வந்துகீறாருடி" என்றாள் ஒருத்தி. "மீனு இல்லாம எளச்சிட்டாரு பாவம்."

குழந்தைகள் வரலாம் என்று அறிவித்தேன். கைதட்டல் எதிர்பார்த்தேனோ என்னவோ, குடையைக்கூட மடக்கிக்கொண்டேன்.

கோவிந்தம்மா கூடையைக் கீழே வைத்தாள். "இன்னிக்கி நீ வான்னுவே. நாளைக்கி வேற ஒரு கோட்டு போட்ட சாரு வந்து வெளிய போன்னுவாரு. அன்னிக்கி இன்னா ஆச்சி தெரியுமா ஒனக்கு? எம்பொண்ணு தம்பிய இடுப்புல வச்சிகினு போயி, கதவாண்ட நின்னு, உள்ள கணக்கு போடறத பாத்துகினு இருந்துச்சாம். வெயிலு ஏறினப்புறம் வூட்டுக்கு வந்துச்சி."

"தெரியாது" என்றேன்.

"இப்ப தெரிஞ்சிதுல்ல. பேச்செல்லாம் வேணாம். புள்ளைங்களப் போட ஒரு எடம் பண்ணு. கண்ணால பாத்தா அனுப்பறேன்."

திரும்பும்போது காலணிக்குள் மணல். நாற்பத்தொன்றாம் பக்கம் எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

1951 செப்டம்பர் 27, வியாழக்கிழமை, மாலை மணி 6.00
குறிப்பு 9: தூளி பற்றிய ஆராய்ச்சி

பள்ளியின் பின்பக்கம் ஒரு தாழ்வாரம் இருக்கிறது. மேலே வலுவான உத்தரம். சிலுவையம்மாள் தன் பழைய புடவைகளை எடுத்துக்கொண்டு வந்து, குணசுந்தரியும் அவளுமாகத் தூளிகள் கட்டினார்கள். நான் இடைவெளி சமமாக இருக்க வேண்டும் என்று அளவுகோலுடன் நின்றேன். இருவரும் என்னைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

வெள்ளோட்டத்துக்குக் கோவிந்தம்மா தன் மகனையே கொண்டுவந்தாள். திருமலை முதல் புடவையைக் கிழித்துக்கொண்டு இறங்கினான். கீழே என் மனைவி பிடித்துக்கொண்டாள். இரண்டாவதும் கிழிந்தது. அவனுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று.

"இதுல நம்பி எப்புடிப் போடறது?" என்றாள் கோவிந்தம்மா.

வீட்டுக்கு வந்ததும் சிலுவையம்மாள், "இன்னும் கெட்டித் துணி வேணும்ங்க" என்றாள். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அங்கியை ஏன் தர இயலாது என்பதற்கு மூன்று காரணங்கள் சொன்னேன். ஒன்று, அது பல்கலைக்கழகத்தின் சொத்து. இரண்டு, பட்டு. மூன்று, புதிய பதவி வந்தால் தை மாதத்தில் எனக்கே தேவைப்படலாம்.

"நான் அங்கின்னு சொல்லவே இல்லையே" என்றாள்.

1951 செப்டம்பர் 28, வெள்ளிக்கிழமை, முற்பகல் மணி 10.40
குறிப்பு 10: அங்கி அணிவிப்பு விழா

கடைசியாக ஒரு முறை அணிந்து கண்ணாடியில் பார்த்தேன். வயிற்றருகே பொருந்தவில்லை. அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டேன்.

சரிகை ஓரம், பொற்கயிறு, கொக்கிகள் எல்லாவற்றையும் குழந்தையைக் குத்தாதபடி பிரித்தோம். அங்கியின் இரண்டு கைகளையும் உத்தரத்தின்மேல் போட்டு முடிச்சிட்டார் குணசுந்தரி. முதுகுப் பகுதி ஆழமாகத் தொங்கியது. சாதுவான மற்றக் குழந்தைகளுக்குப் புடவைத் தூளியும் பாயும் போதும். இதில் திருமலையைப் போட்டோம். அவன் இருமுறை உதைத்தான். துணி அசையவில்லை. பிறகு தூங்கிவிட்டான்.

ஒரு முழு மே மாதம் துணைவேந்தராக இருந்தும் அந்த அங்கிக்குள் நான் இத்தனை நிம்மதியாக இருந்ததில்லை.

பகலில் சங்கரா மீன் வந்தது.

1951 அக்டோபர் 3, புதன்கிழமை, மாலை மணி 5.15
குறிப்பு 11: மறு எண்ணிக்கையும் ஒரு யோசனையும்

ஐம்பத்திரண்டுக்கு நாற்பத்தேழு. நான் கேட்டுக்கொண்டதால் வந்த ராமசுப்பு இருமுறை எண்ணினார். பிறகு தாழ்வாரத்துக்குப் போனவர் அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டார்.

"சார், இது..."

"துணி" என்றேன்.

திரும்பும் வழியில் அவர் விஷயத்துக்கு வந்தார். "புது எண்ணிக்கையைச் சேர்த்துக்கலாம் சார். பள்ளிக்கூடம் பிழைச்சிடும். ஆனா முதல் தடவை ஏன் ஒன்பதுன்னு காரணம் எழுதணும். நீங்க முந்தின நாள் போனது, அந்த விதி, இதெல்லாம் எழுதினா திடீர் எண்ணிக்கையைத் தலைவரே கெடுத்தார்னு ஆயிடும். உங்க விகிதமும் நிக்காது. கோட்டையில பெயரை அடிச்சிடுவாங்க."

"வேறு வழி?"

"தலைமையாசிரியையோட நிர்வாகக் குறைவுன்னு ஒரு வரி போட்டுடலாம். அவங்களை மாத்திட்டு வேற ஆள் போடுவாங்க. பள்ளிக்கூடமும் இருக்கும், நீங்களும் துணைவேந்தரா போவீங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அன்னைக்கு நான் அவங்ககிட்ட ஏன் கூட்டம் இல்லைன்னு கேட்டேன் சார். இன்னைக்கு வரலைன்னு மட்டும்தான் சொன்னாங்க" என்றார்.

1951 அக்டோபர் 4, வியாழக்கிழமை, காலை மணி 9.00
குறிப்பு 12: ஒரு நல்ல வாக்கியம்

எழுதிப் பார்த்தேன். "முதல் எண்ணிக்கையின் குறைவு, தலைமையாசிரியையின் தற்காலிக நிர்வாகச் சோர்வினால் நேர்ந்ததெனக் கருத இடமுண்டு."

'கருத இடமுண்டு' மிக நன்றாக அமைந்திருக்கிறது. பொய் சொல்லும்போது என் நடை மெருகேறுவதை முன்பே கவனித்திருக்க வேண்டும்.

சிலுவையம்மாளிடம் காட்டவில்லை.

1951 அக்டோபர் 5, வெள்ளிக்கிழமை, பகல் மணி 12.20
குறிப்பு 13: குணசுந்தரி

பள்ளிக்குப் போனேன். ஏன் போனேன் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. வகுப்புக்கும் தாழ்வாரத்துக்கும் இடையிலுள்ள வாசலில் அவர் நின்றிருந்தார். கரும்பலகையில் கழித்தல் கணக்கு. இடது கையில் ஒரு கயிறு. அதன் மறுமுனை என் அங்கியில். கணக்குச் சொல்லிக்கொண்டே கயிற்றை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். முதல் வரிசையில் கன்னியம்மா. இரண்டு கைகளும் காலியாக, பலகையையும் பலப்பத்தையும் பிடித்திருந்தாள்.

பாடம் முடிந்ததும் கேட்டேன்: "அன்று ராமசுப்பு கேட்டபோது, நான் வந்து குழந்தைகளை அனுப்பச் சொன்னதை ஏன் சொல்லவில்லை?"

"ஐயா வந்தது எண்ணிக்கைக்கு முந்தின நாளாச்சே" என்றார். "சொன்னா ஐயாவுக்குத்தானே சங்கடம். ஐயா நல்லதுக்குத்தான் சொன்னீங்க."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. நல்லதுக்காம். நல்லதுக்கு! இந்தம்மா வேலையத்தானே நேத்து அழகா எழுதித் தீர்த்தேன். உக்காந்து, வார்த்தை தேடி.

கிழித்துவிட்டேன். பிறகு, கிழித்ததை ஒட்டவைத்துப் படிக்க ஓர் எண்ணம் வந்தது. ஆகவே அடுப்பில் போட்டேன். "என்னங்க அது?" என்றாள் சிலுவையம்மாள். "இன்னொரு மே மாதம்" என்றேன்.

1951 அக்டோபர் 15, திங்கட்கிழமை, பகல் மணி 3.00
குறிப்பு 14: அறிக்கை சமர்ப்பிப்பு

ராமசுப்பு எடுத்துப் போனார். அதில் நான் சேர்த்த பத்தியின் படி:

"செப்டம்பர் 12ஆம் நாள் எண்ணிக்கை செல்லாது. முந்தின நாள் குழுவின் தலைவர் அப்பள்ளிக்குச் சென்று, தாம் எழுதிய விதி 17ஐக் காட்டிக் கைக்குழந்தைகளை வெளியேற்றச் சொன்னார். தமக்கைமாரும் உடன் சென்றனர். தலைமையாசிரியை முன்கூட்டியே எச்சரித்தார். தலைவர் தம் நூலை மேற்கோள் காட்டினார். விதி 17 நீக்கப்பட வேண்டும். பிள்ளை வராமைக்குப் பெற்றோரின் அக்கறையின்மையே காரணம் என்று அருளப்பன் விகிதத்தைக் கொண்டு முடிவு செய்தல் ஆகாது. கடலோரப் பள்ளிகள் அனைத்தையும் குழந்தைகளுடன் மீண்டும் எண்ண வேண்டும்."

ராமசுப்பு படித்தார். பிறகு, "தலைவர்ங்கிற இடத்துல 'குழு'ன்னு போடலாமே சார்" என்றார். நல்ல மனிதர். வேண்டாம் என்றேன்.

1951 நவம்பர் 9, வெள்ளிக்கிழமை, மாலை மணி 4.30
குறிப்பு 15: இரண்டு செய்திகள்

ராமசுப்பு வந்தார். காப்பியைக் குடித்து முடிக்கும் வரை வானிலையைப் பற்றியே பேசினார். ஆகவே எனக்குப் புரிந்துவிட்டது.

"மூணு பேர்ல யாரும் இல்ல சார். நாலாவதா ஒருத்தர் வந்துட்டார்."

"பள்ளி?"

"ஒரு வருஷத்துக்கு மானியம். சோதனையா வச்சிருக்காங்க. மத்த குப்பத்துப் பள்ளிங்களையும் திரும்ப எண்ணச் சொல்லிட்டாங்க. அந்தம்மாவுக்கு ஒண்ணும் இல்ல." பிறகு தயங்கி, "கோட்டையில உங்க ரிப்போர்ட்டைச் சிரிச்சுக்கிட்டேதான் படிச்சாங்க சார்" என்றார்.

"முழுவதுமா?"

"முழுசா."

என் எழுத்துகளில் முழுவதுமாகப் படிக்கப்பட்டது இதுவே முதல்.

சற்று வருத்தமாகத்தான் இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன். இரவுச் சாப்பாட்டுக்கு நெத்திலி. அதையும்.

1951 நவம்பர் 23, வெள்ளிக்கிழமை, காலை மணி 7.25
குறிப்பு 16: பதிவாளருக்கு இன்று அனுப்பிய கடிதத்தின் படி

பெருமதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கு,

தங்கள் ஐந்தாவது நினைவூட்டல் கிடைத்தது. முந்தைய நான்கும் கிடைத்தன. அங்கி பல்கலைக்கழகத்தின் உடைமை என்பதையும், கல்விப் பணிக்கன்றி வேறெதற்கும் பயன்படலாகாது என்பதையும் முழுமனத்துடன் ஒப்புக்கொள்கிறேன். என் அலமாரியில் இருந்த காலம் முழுவதும் அது அவ்வாறு பயன்படவில்லை. கடந்த செப்டம்பர் 28ஆம் நாள் முதல் ஒரு பள்ளியில், விடுமுறை நீங்கலாக, நாள்தோறும் பயன்படுகிறது.

தற்போது அதில் இருப்பவர் இன்னும் நடக்கத் தொடங்கவில்லை. தொடங்கியதும் இறங்கிவிடுவார். ஆனால் அவருக்குப் பின் வரிசையில் இருவர் உள்ளனர். மூன்றாமவர் தை மாதம் பிறப்பார் என அவருடைய பாட்டனார் தெரிவிக்கிறார். ஆகவே திருப்பி அனுப்பும் தேதியை என்னால் குறிப்பிட இயலவில்லை. என் வாழ்நாளில் நான் தேதி குறிப்பிடாமல் எழுதும் முதல் உறுதிமொழி இது. பொறுத்தருள்க.

தங்கள் உண்மையுள்ள,
சூ. அருளப்பன்

இணைப்புகள்:
1. தோளிலிருந்த பொற்கயிறு, ஒன்று.
2. கழுத்துக் கொக்கிகள், இரண்டு. ஒன்று வளைந்தது, நானே வளைத்தேன்.
3. சரிகை ஓரம், முழு நீளம். நுனியில் பல் தடம் உள்ளது, என்னுடையதன்று.
4. அங்கி: இணைக்கப்படவில்லை. உள்ளே ஆள் இருக்கிறார்.